சஹனில் நாலாவது கை

திருச்சி பெரிய கடை வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் மிக்ஸி, குக்கர் பழுது பார்க்கிறேன். இந்த ஊரில் யார் வீட்டில் என்ன அரைக்கிறார்கள் என்பது என் மூக்குக்குத் தெரியும். ஜாரின் மூடியைத் திறந்தால் போதும். இது கசகசாவும் முந்திரியும் அரைத்த ஜார், இது கருவாட்டுக் குழம்புக்குத் தேங்காய் அரைத்த ஜார், இதில் நேற்று பிரண்டைத் துவையல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். வாடிக்கையாளர்கள் அசந்து போவார்கள். இவ்வளவு தெரிந்த மனிதர் எவ்வளவு வகையாகச் சாப்பிட்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் அவர்கள் நினைப்பைக் கெடுப்பதில்லை.

உண்மையில் நான் சாப்பிடும் பொருள்களை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிவிடலாம். இட்லி, தோசை, சாம்பார், தயிர், முட்டை, எலும்பில்லாத கோழி. டிக்கெட்டில் இன்னும் இடம் மிச்சமிருக்கும். என் மனைவி மண்ணச்சநல்லூர்க்காரி. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்குடல் வாங்கி, மஞ்சள் தூள் போட்டு அலச ஆரம்பித்தால், நான் செருப்பை மாட்டிக்கொண்டு கொள்ளிடக்கரைப் பக்கம் போய்விடுவேன். திரும்பி வரும்போது எனக்கு மட்டும் தனியாக ஒரு ஆம்லெட் இருக்கும்.

"பல்லு முளைக்காத புள்ளைக்குக்கூட இவ்வளவு பாக்க வேண்டியதில்லீங்க" என்பாள்.

ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் வீதியில் குடியிருப்பதால் என் அருவருப்புக்கு ஒரு புனிதமான சாயம் பூசிக்கொள்ள வசதியாக இருந்தது. அந்த வசதிதான் என்னைக் கவிழ்த்தது.

என் கடைக்கு அடுத்த கடை பாயுடையது. கைலி, துண்டு, போர்வை வியாபாரம். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். என்னைத் தம்பி என்பார். நான் பாய் என்பேன். இருபது வருடமாக ஒரே சுவரில் சாய்ந்து டீ குடிக்கிறோம். நோன்பு மாதத்தில் சாயங்காலம் பள்ளிவாசலிலிருந்து அவருக்கு வரும் கஞ்சியில் ஒரு டம்ளர் என் மேசைக்கு வந்துவிடும். கேட்க மாட்டார், கூப்பிட மாட்டார். ஸ்குரூடிரைவரைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் டம்ளரை வைத்துவிட்டுப் போவார். நான் ஆவி பறக்கச் சாப்பிட்டு முடிப்பேன், கஞ்சி எனக்குப் பிடிக்கும். வெந்தயமும் அரிசியும் பூண்டும் குழைந்து, கடிக்க ஒன்றும் இருக்காது. கடிக்க ஒன்றும் இல்லாத எதன்மீதும் எனக்குப் பகை கிடையாது.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவருடைய மகனுக்குக் கல்யாணம் நடந்தது. பாயின் பூர்வீகம் கடலோரம், அதிராம்பட்டினத்துப் பக்கம். அவர்கள் குடும்பத்தில் கல்யாணச் சாப்பாடு இலையில் இல்லை, சஹனில். சஹன் என்றால் ஆளுயரத்தில் பாதி அகலம் இருக்கும் ஒரு வட்டத் தட்டு. நடுவில் நெய்ச்சோறு மலைபோல் இருக்கும், சுற்றிக் கிண்ணங்களில் கறி. நாலு பேர் நாலு பக்கம் உட்கார்ந்து அதே தட்டில் கை வைத்துச் சாப்பிட வேண்டும். இதை மண்டப வாசலில் ஒருவர் எனக்குப் பெருமையோடு விளக்கினார். எனக்கு அங்கேயே ஒரு ஃபியூஸ் போனது. நாலு கை. நாலு வாய்க்குப் போய்த் திரும்பி வரும் நாலு கை.

பாய் வந்து என் தோளில் கை போட்டார். "வாங்க தம்பி, சாப்பிடலாம்."

என் வாய் எனக்கு முன்னால் பேசியது. "இன்னைக்கு சனிக்கிழமை பாய். பெருமாளுக்கு விரதம். கறி தொட மாட்டேன்."

பெருமாளையே துணைக்கு இழுத்தேன். பாய் பதறிப்போனார். "அடடா, நாள் பாக்காம வச்சுட்டேனே" என்று அவர்தான் வருத்தப்பட்டார். ஆள் அனுப்பி எனக்கு மட்டும் இரண்டு வாழைப்பழமும் ஒரு பாதாம்பாலும் வரவழைத்தார். அதைக் குடித்துவிட்டு, பக்திமான் முகத்தோடு பஸ் ஏறினேன்.

மூன்று வாரம் கழித்து, இன்னொரு சனிக்கிழமை. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பரோட்டா கடையில் முட்டைப் பரோட்டாவுக்கு மேல் கோழி சால்னாவை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்தால் எதிரே பாய், பார்சலுக்கு நிற்கிறார். என் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சாப்பிடுங்க தம்பி, சாப்பிடுங்க" என்று மென்மையாகச் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால் ஒரு ஜோக் அடித்துத் தப்பித்திருப்பேன். அவர் திட்டவில்லை. மறுநாளும் பேசவில்லை அதைப்பற்றி, அதற்கு அடுத்த நாளும். டீ வழக்கம்போல் குடித்தோம்.

அந்த வருட நோன்பில் கஞ்சி வந்தது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என் கடை வாசலில் நின்றார்.

"தம்பி, கஞ்சி சாப்பிடுவீங்களா?"

அவ்வளவுதான். இருபது வருடத்தில் முதல்முறையாகக் கேட்டார். சாப்பிடுவேன் பாய் என்று வாங்கிக்கொண்டேன். அடுத்த வருடமும் கேட்டார். அதற்கடுத்த வருடமும். ஒவ்வொரு சாயங்காலமும் அந்தக் கேள்வி டம்ளருக்கு முன்னால் வந்து நின்றது. இப்படியே கேட்டுக் கேட்டு ஒருநாள் கேட்பதையும் நிறுத்திவிடுவார் என்று எனக்குப் பயம். பயம் எனக்குப் புதிதில்லை, ஆனால் இந்தப் பயத்துக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு கொள்ளிடக்கரைக்குப் போக முடியாது.

இந்த வருடம் அவர் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையை நீட்டினார். "ஞாயித்துக்கிழமை வச்சிருக்கேன் தம்பி" என்றார். சிரிக்கவில்லை. நான் பத்திரிகையில் வேறு ஏதாவது தப்பிக்கும் வழி இருக்கிறதா என்று பார்த்தேன். அமாவாசை இல்லை, கிருத்திகை இல்லை. எனக்கென்று ஒரு நாள் பார்த்துப் பிடித்த மாதிரி சுத்தமான ஞாயிறு.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் முழுக்கப் பயிற்சி எடுத்தேன். மனைவியிடம் ஒரே தட்டில் சாப்பிடலாம் வா என்றேன். இருபத்து மூன்று வருடத்தில் சொல்லாத வார்த்தை. அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னதும், "அவர் சொத்தையா கேட்டாரு? நாலு வாய் சோறு. ரோட்டுல பானிபூரிக்காரன் கைய முழங்கை வரைக்கும் முக்கி எடுத்துத் தரான், அதை வாயைத் திறந்து வாங்குறீங்க. இங்க மட்டும் என்ன?" என்றாள். ஆனாலும் அவள் கை என் பக்கம் வரும்போதெல்லாம் என் கை தானாகப் பின்வாங்கியது.

பாலக்கரையில் மண்டபம். மனைவி பெண்கள் பக்கம் மாடிக்குப் போய்விட்டாள். போகும்போது, "ஓடிறாதீங்க, பஸ்ஸுக்குக் காசு எங்கிட்ட இருக்கு" என்றாள்.

என்னை ஒரு சாதாரண சஹனில், யாருமறியாத மூலையில் உட்காரவைப்பார்கள் என்று நம்பியிருந்தேன். பாய் என் மணிக்கட்டைப் பிடித்து நேராக நடுவில் விரித்திருந்த ஜமுக்காளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே மாப்பிள்ளையின் அப்பா உட்கார்ந்திருந்தார். வெள்ளை வெளேரென்ற தாடி, மெல்லிய குரல். அவருக்குப் பக்கத்தில் பாயின் மச்சான், ஊரிலிருந்து வந்தவர், மூன்று பேர் இடத்தில் ஒருவராக உட்கார்ந்திருந்தார். எதிரே நான். பாய் ஒரு கையில் ஜக்கும் ஒரு கையில் தொட்டியுமாக வந்து எங்கள் கைகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். பெண்ணைப் பெற்றவர், காலையிலிருந்து நின்றுகொண்டிருப்பவர், குனிந்து என் விரல்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். சோப்பு எங்கே என்று கேட்க நினைத்த வாய் மூடிக்கொண்டது.

"நீங்க உக்காந்தாத்தான் நாங்க கை வைப்போம்" என்றார் சம்பந்தி, பாயைப் பார்த்து.

"எனக்கு அங்க இன்னும் ரெண்டு வரிசை பாக்கி இருக்கு மாமா."

"அதெல்லாம் பாத்துக்குவாங்க. உக்காருங்க."

பாய் நாலாவது பக்கம் உட்கார்ந்தார். அவருக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரை போட்டுவிட்டு ஒன்றும் சாப்பிடாமல் ஓடிக்கொண்டிருந்தார் என்பது அவர் விரல் நடுங்கியதில் தெரிந்தது. டீக்கடையில் நேரம் தவறினால் வரும் அதே நடுக்கம்.

சஹன் வந்திறங்கியது. நெய்ச்சோறு, பருப்பும் எலும்பும் சேர்ந்து கொதித்த தால்சா, ஆட்டுக்கறிக் குழம்பு, இனிப்பாக ஒரு கத்தரிக்காய்ப் பச்சடி. அப்புறம் கறுப்பாக ஒரு பிரட்டல். என் மூக்கு அதைக் கண்டுபிடிக்க அரை நொடி ஆனது. குடல். ஈரலும் கூட. கொள்ளிடம் ஏழெட்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது.

மச்சான் என்னைப் பார்த்துச் சொன்னார். "சார், நம்ம சஹன்ல ஒரே ஒரு சட்டம். ஒருத்தர் கைய எடுத்துட்டா மத்தவங்களும் கூச்சப்பட்டு எடுத்துருவாங்க. அதனால அவசரப்படாதீங்க. எங்க வயிறு உங்க கையில இருக்கு."

"பயமுறுத்தாதீங்க, மொதத் தடவ வராரு" என்றார் பாய்.

இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டு வயிறு சரியில்லை என்று எழுந்துவிடுவதுதான் என் திட்டம். அந்தத் திட்டத்தை மச்சான் ஒரே வாக்கியத்தில் இடித்துத் தள்ளினார்.

பிஸ்மில்லா சொல்லி ஆரம்பித்தார்கள். அவரவர் முன்னால் இருக்கும் பக்கத்திலிருந்துதான் எடுக்கிறார்கள் என்பது கொஞ்சம் ஆறுதல் தந்தது. நான் ஸ்ரீரங்கத்துத் தீவில் குடியிருப்பவன். என் பங்குச் சோற்றையும் தீவாக்கினேன். சுற்றிலும் விரலால் ஒரு வாய்க்கால் வெட்டினேன். மச்சான் தால்சாவை நடுவில் தாராளமாக ஊற்றினார். காவிரி ஒரு பக்கம், கொள்ளிடம் ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்து என் கரையை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தன. நாலு பேர் சோறும் ஒரே சோறு ஆனது.

அப்போது சம்பந்தி குடல் பிரட்டலில் ஒரு நல்ல துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளி வைத்தார். நான் நன்றியோடு சிரித்தேன். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும், அந்தத் துண்டை மெல்ல, சோற்றுக்கு அடியில் சுரங்கம் போட்டு அவர் பக்கமே நகர்த்தினேன். ஒழிந்தது என்று நினைத்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். துண்டு தன் முன்னால் இருப்பதைக் கண்டார். தாடிக்குள் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா" என்றார் மச்சானிடம், "தனக்கு வச்சதை எடுத்து எனக்குத் தராரு."

அங்கேதான் நான் செய்த தப்பு எனக்கு விளங்கியது. சஹனில் நல்ல துண்டை அடுத்தவர் பக்கம் தள்ளுவதுதான் பெரிய மரியாதை. நான் பயத்தில் தள்ளினேன், அவர்கள் அதைப் பண்பாக வாங்கிக்கொண்டார்கள். மரியாதைக்குப் பதில் மரியாதை செய்யாமல் இருப்பார்களா? சம்பந்தி இரண்டு துண்டு தள்ளினார். நான் ஒன்றை மச்சான் பக்கம் அனுப்பினேன். மச்சான் அசந்துபோய், குழம்புக்குள் கையை விட்டுத் துழாவி, ஒரு நல்லி எலும்பைத் தேடி எடுத்து என் முன்னால் வைத்தார். ஒரு சாண் நீளம். உள்ளே மூளை மாதிரி ஏதோ ஆடியது.

"உறிஞ்சுங்க சார். தட்டிட்டு உறிஞ்சுங்க."

"நீங்க சாப்பிடுங்க, உங்களுக்குத்தான் நல்லா இருக்கும்."

"பாருங்க, பாருங்க. இந்த மனுசன் தனக்குன்னு ஒண்ணு எடுக்க மாட்டேங்குறாரு."

நான் மறுக்க மறுக்க என் புகழ் ஏறியது. புகழ் ஏற ஏற என் பக்கம் கறி ஏறியது. பக்கத்துச் சஹன்காரர்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். சம்பந்தி ஒரு ஈரல் துண்டைக் கையில் எடுத்து, தள்ளாமல், என் கண்ணைப் பார்த்துக்கொண்டே என் விரலில் வைத்தார். தப்பிக்க வழியில்லை. வாயில் போட்டுக்கொண்டேன். ருசி எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். தலைவலி மாத்திரையை எப்படி விழுங்குவேனோ அப்படி விழுங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. காரம் என்று நினைத்து மச்சான் பச்சடியை என் பக்கம் நகர்த்தினார்.

இனி முடியாது. கையை எடுத்துவிட வேண்டியதுதான். கையைத் தட்டுக்கு மேல் தூக்கியும்விட்டேன். அப்போது பாய் பக்கம் கண் போனது. இவ்வளவு நேரம் அவர் எங்களுக்குப் பரிமாறிக்கொண்டும், அந்தப் பக்கம் தண்ணீர் கொடுக்கச் சொல்லிச் சைகை காட்டிக்கொண்டும் இருந்திருக்கிறார். இப்போதுதான் முதல் கவளத்தை எடுத்திருந்தார். விரல் இன்னும் நடுங்கியது. நான் கையை எடுத்தால் சம்பந்தி எடுப்பார். சம்பந்தி எடுத்தால் பெண்ணைப் பெற்றவர் எப்படித் தொடர்ந்து சாப்பிடுவார்?

கை மறுபடி இறங்கியது. வேறு என்ன செய்ய? ஒரு பிடி சோற்றை எடுத்து உருட்டினேன். உருண்டை ஆனதும் உதிர்த்தேன். மறுபடி உருட்டினேன். மும்முரமாகச் சாப்பிடுகிறவன்போல் தாடையை அசைத்தேன். வாய் காலி. இப்படி ஒரு பத்து நிமிடம் என் வாழ்க்கையின் மிக நீண்ட சாப்பாட்டை, ஒன்றும் சாப்பிடாமல் சாப்பிட்டேன்.

பாய் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. பிறகு அவர் கை என் பக்கம் வந்தது. நல்லி எலும்பு போனது. அடுத்த முறை வந்தபோது குடல் துண்டு இரண்டு போனது. மச்சானும் சம்பந்தியும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து, ஒவ்வொன்றாக என் முன்னாலிருந்து எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். கடைசியில் தன் பக்கமிருந்த கத்தரிக்காய்ப் பச்சடி முழுவதையும் வழித்து என் முன்னால் வைத்தார். அவர் கை பட்ட கத்தரிக்காய். நான் எடுத்துச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. முழுவதையும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் யார் கை பட்டது என்பது ஞாபகத்துக்கு வந்தது.

கை கழுவும் இடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றோம்.

"இன்னைக்கு என்ன கிழமை தம்பி?"

"ஞாயிறு பாய்."

"அப்பச் சரி." துண்டால் கையைத் துடைத்தார்.

விட்டிருக்கலாம். என் நாக்கு விடவில்லை. "அன்னைக்கு விரதமெல்லாம் இல்ல பாய். பயம்."

"தெரியும். பரோட்டா கடையிலயே தெரிஞ்சு போச்சு. எதைப் பாத்துப் பயம்னுதான் தெரியல." கொஞ்சம் நிறுத்தினார். "எங்களைப் பாத்தோன்னு நெனச்சேன்."

குழாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. இருபது வருட டீ மொத்தமும் நெஞ்சுக்குள் வந்து நின்றது.

"குடலைப் பாத்து பாய்" என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "குடலா? இம்புட்டுக் குடலை நான் தின்னேன் தம்பி உங்களுக்காக. டாக்டர் பாத்தா என்னைய வெட்டுவாரு."

நானும் சிரித்தேன். ஆனால் நான் சொன்னது முழு உண்மை இல்லை. குடலுக்கு மட்டுமா பயந்தேன்? கைகளுக்கும் பயந்தேன். அது யார் கையானாலும் வந்திருக்கும் பயம், என் மனைவி கையானாலும் வந்த பயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பாதி நம்புகிறேன். மீதிப் பாதியை அவரிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. முதல் பயத்தை அன்று ஒப்புக்கொண்டாகிவிட்டது, ஒரு நாளைக்கு அவ்வளவுதான் முடியும்.

மாடியிலிருந்து மனைவி இறங்கி வந்தாள். முகமெல்லாம் பளபளப்பு. "ரெண்டு சஹன்ல மாறி மாறிச் சாப்பிட்டேங்க" என்றாள்.

செவ்வாய்க்கிழமை கடையைத் திறந்து ஒரு மிக்ஸி ஜாரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பாய் வந்தார். கையில் ஒரு எவர்சில்வர் டப்பா. எங்கே கேட்கப் போகிறாரோ என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ஸ்குரூடிரைவரைத் தள்ளினார். அந்த இடத்தில் டப்பாவை வைத்தார். "எங்க சம்பந்தி உங்களையே கேட்டுக்கிட்டு இருக்காரு. மறுவீட்டுக்கு உங்களை அவரு சஹன்லயே உக்கார வைக்கணுமாம்" என்றபடியே போய்விட்டார். சாப்பிடுவீங்களா என்று கேட்கவில்லை.

மூன்று வருடம் கழித்துக் கேட்காமல் வைத்திருக்கிறார். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு மூடியைத் திறந்தேன். திறப்பதற்கு முன்பே என் மூக்கு சொல்லிவிட்டது, குடல். கேட்கும் முகத்தோடு அடுத்த கடையைப் பார்த்தேன். பாய் ஒரு போர்வையை மடித்துக்கொண்டே, என் பக்கம் பார்க்காமல், தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒரு துண்டை எடுத்தேன். சின்னதாகப் பார்த்துத்தான். இந்தத் தடவை மென்றேன். இப்போதும் பிடிக்கவில்லை. இன்னொன்று எடுத்தேன்.